நற்பெயரைக் காப்பது எங்ஙனம்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் பகுதியினர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



மண்கும்பான் பிள்ளையாரை மனத்திலே வணங்கி, எங்களுக்கு அளிக்கப்பட்ட இச்சிறு நேரத்தைப் பயன்படுத்த விழைகின்றோம். ஆண்டு விழா மேடையில் ஏறும் இளைஞர்கள் சங்கத்தின் சாதனைகளைப் பாராட்டிவிட்டு, பெரியோருக்கு நன்றி கூறி இறங்குவது வழக்கம். அந்த நன்றி எங்கள் நெஞ்சில் நிறைந்திருக்கின்றது. எனினும், இன்று பாராட்டுரை கூற நாங்கள் வரவில்லை. ஒரு பெரிய சங்கம் எவ்வாறு வங்குரோத்து அடைந்தது என்பதையும், அதனால் நமது சிறிய சங்கம் கற்க வேண்டியது என்ன என்பதையும் எடுத்துரைக்கவே வந்துள்ளோம்.

வங்குரோத்து என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நம் நாடே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தபோது, அச்சொல் சிறுபிள்ளைகள் வாயிலும் புகுந்துவிட்டது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்கள் நாம். ஆனால், நாங்கள் சொல்லப்போகும் வங்குரோத்து கடன் பட்டதால் வந்ததன்று. உண்மையை மறைத்ததால் வந்தது.

எங்களிற் சிலர் மிஷன் பாடசாலைகளிற் படித்தவர்கள். அங்கே கழுத்தில் சாரணர் பட்டி கட்டி, கயிற்றில் முடிச்சுப் போடவும், கூடாரம் அடிக்கவும், நாளுக்கு ஒரு நற்செயல் செய்யவும் பழகினோம். பேடன் பவல் 1907ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இருபது சிறுவரளவில் அழைத்துச் சென்று முதற்பாசறை அமைத்தது இங்கிலாந்தின் பிரவுன்சீ என்னும் ஒரு சிறு தீவிலே என்று ஆசிரியர் சொன்னபோது, தீவார் பிள்ளைகளாகிய எங்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டாயிற்று. 1912இல் மாத்தளையில் ஒரு கிறித்தவக் கல்லூரியிலே தொடங்கிய சாரணியம், இலங்கை முழுவதும் பரவி எங்கள் கைக்கும் வந்தது. ஆகவே, சாரணியத்தைப் பழிப்பதற்காக நாங்கள் பேசவில்லை. அதன் உப்பைத் தின்றவர்களாகவே பேசுகின்றோம்.

அமெரிக்கச் சாரணர் சங்கம் 1910ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் நாள் தோன்றியது. உலகின் செல்வமிக்க இளைஞர் இயக்கங்களுள் அதுவும் ஒன்று. 1970களின் தொடக்கத்தில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர்கள் அதில் இருந்தனர். காடுகளும் ஏரிகளும் பாசறை நிலங்களும் அதற்குச் சொந்தமாயிருந்தன. "சாரணன் நம்பத்தக்கவன்" என்பதே அதன் விதிகளுள் முதலாவது.

அத்தகைய சங்கம் 1920கள் தொட்டு ஒரு இரகசியக் கோப்பு வரிசையை வைத்திருந்தது. தொண்டராக இருக்கத் தகுதியற்றவர்கள் என்று தலைமையகம் கருதியவர்களின் பெயர்கள் அவற்றில் இருந்தன. சிறுவரைத் தகாத முறையிலே தீண்டியதாக முறைப்பாடு வந்தவர்கள் அவர்களுட் பலர். அவர்கள் மீண்டும் சேராதபடி தடுக்கவே அவ்வேற்பாடு என்று தலைமையகம் கூறிற்று. நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால், பல சமயங்களிற் பொலிசாருக்கு அறிவிக்கப்படவில்லை, பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை. சிலர் ஓரிடத்தில் நீங்கி மற்றோரிடத்தில் மீண்டும் சேர்ந்தனர்.

ஒறிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரில் 2010இல் ஒரு வழக்கு விசாரிக்கப்பட்டது. 17 சிறுவரைத் தீண்டியதாக 1983இல் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட உதவித் தலைவன் ஒருவன், அதன் பின்னரும் சாரணச் சிறுவருடன் பழக விடப்பட்டான் என்பது அங்கே வெளியாயிற்று. யூரிகள் ஒரேயொரு வழக்காளிக்கு 185 இலட்சம் டொலர் தண்டனை நட்டஈடு விதித்தனர். 2012 ஒக்டோபரில், நீதிமன்றக் கட்டளைப்படி 1965 முதல் 1985 வரையுள்ள 1,200க்கு மேற்பட்ட கோப்புகள் உலகின் கண்முன் திறக்கப்பட்டன.

அதன் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வோம். 2019இல் நியூயோர்க், கலிபோர்னியா முதலிய மாநிலங்கள், காலம் கடந்த பழைய குற்றங்களுக்கும் வழக்குத் தொடர இடமளிக்கும் சட்டங்களை இயற்றின. நூற்றுக்கணக்கான வழக்குகள் எழுந்தன. 2020 பெப்ரவரி 18ஆம் நாள் அச்சங்கம் டெலவெயர் மாநிலத்திலே வங்குரோத்து மனுவைச் சமர்ப்பித்தது. அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாளுக்குள், தாம் பிள்ளைப் பருவத்திலே துன்புறுத்தப்பட்டதாக முறையிட்டவர்கள் 82,000க்கு மேற்பட்டோர். அவர்களிற் பலர் தலை நரைத்தவர்கள். ஐம்பது, அறுபது ஆண்டுகள் மனைவிக்கும் சொல்லாமல் நெஞ்சிலே புதைத்து வைத்ததை அன்றுதான் முதன்முறை எழுதினார்கள்.

2022 செப்டெம்பரில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட திட்டம் 2023 ஏப்ரல் 19ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நட்டஈட்டு நிதி 246 கோடி டொலர். காப்புறுதிக் கொம்பனிகள் பெரும்பகுதியைக் கொடுத்தன. 250 அளவிலான உள்ளூர் மன்றங்கள் பணமும் சொத்துமாக 51½ கோடி டொலர் கொடுக்க உடன்பட்டன. பேர்பெற்ற ஓவியர் நோர்மன் ரொக்வெல் சாரணியத்துக்கென வரைந்த ஓவியங்களும் அந்நிதிக்கு ஒப்படைக்கப்பட்டு ஏலத்துக்கு வந்தன. தலைமுறை தலைமுறையாகச் சிறுவர் கூடாரமடித்த பாசறை நிலங்கள் பல விலைப்பட்டன. 2019இல் ஏறக்குறைய 20 இலட்சமாயிருந்த அங்கத்தவர் தொகை 2021இல் 762,000 ஆகச் சுருங்கியது. மோர்மன் சபையார் 2019 முடிவில் விலகியதும், பின்வந்த கொள்ளைநோயும் இவ்வீழ்ச்சிக்குத் துணைக் காரணங்கள். 2025 பெப்ரவரியில் சங்கம் தன் பழைய பெயரையும் மாற்றிக்கொண்டது.

பெரியோர்களே, இத்தொகைகளைக் கேட்டு வியப்பதில் பயனில்லை. நாங்கள் எண்ணிப் பார்த்தது வேறொரு கூட்டத்தாரைப் பற்றி. தவறே செய்யாத தொண்டர்கள் அங்கே இலட்சக்கணக்கில் இருந்தார்கள். பகலெல்லாம் தொழில் பார்த்து, மாலையில் தேவாலய மண்டபத்திலே பத்துப் பையன்களுக்கு முடிச்சுப் போடக் கற்பித்தவர்கள். அவர்கள் கோப்பு எதையும் கண்டதில்லை. ஆயினும், கடைத்தெருவிற் பெற்றோர் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அவர்களே. 33 டொலராயிருந்த ஆண்டுச் சந்தா 2020 தொடக்கத்தில் 60 டொலராக உயர்ந்தபோது, அதைப் பெற்றோரிடம் கேட்டு வாங்க வேண்டியவர்களும் அவர்களே. மேலிடத்தார் மறைத்த கடனைக் கீழிடத்தார் அடைக்க நேர்ந்தது.

அதனோடு புதிய விதிகளும் வந்தன. 21 வயது நிறைந்த, பதிவு பெற்ற தலைவர் இருவர் இல்லாமல் எந்த நிகழ்ச்சியும் நடத்தலாகாது என்பது 2018 ஒக்டோபர் முதல் உறுதியாயிற்று. வளர்ந்தவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு தனித்திருத்தல் கூடாது. தொலைபேசியிற் செய்தி அனுப்புவதற்கும் அதுவே விதி. பெரியவரும் பிள்ளையும் ஒரே கூடாரத்தில் உறங்கலாகாது. மிகச் சிறிய பிள்ளைகளின் பிரிவில் மாத்திரம் பெற்றோருக்குத் தம் பிள்ளையளவில் விலக்கு உண்டு. 2023 செப்டெம்பர் முதல், அப்பிரிவின் பெற்றோர் நீங்கலாக, பாசறையில் இரவு தங்கும் வளர்ந்தவர் எவராயினும், ஒரு பையனின் தகப்பனாராயினும், பதிவு செய்து, பயிற்சி பெற்று, பின்னணி விசாரணைக்கும் உட்பட வேண்டும். "முப்பது வருடம் தொண்டு செய்த என்னைக் கள்வனைப் போல விசாரிப்பதா?" என்று மனம் நொந்து விலகுபவர் எந்தச் சங்கத்திலும் இருப்பர். ஆனால், நிலைத்து நின்றவர்களின் பொறுமையாலேயே அவ்வியக்கம் இன்று உயிரோடிருக்கின்றது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நம் சங்கம் மாலை வகுப்பு நடத்துகின்றது. விளையாட்டுப் பயிற்சி அளிக்கின்றது. திருவிழாக்காலங்களிற் பிள்ளைகளைத் தொண்டுக்கு அழைத்துச் செல்கின்றது. இவற்றுக்கு நம்மிடம் எழுதிய விதி ஒன்றேனும் உண்டா? இல்லை. "நம்மூரில் அப்படியொன்றும் நடவாது" என்ற நம்பிக்கை ஒன்றே உண்டு.

சென்ற ஆண்டு நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு முப்பத்திரண்டு பிள்ளைகளைக் கூட்டிச் சென்றோம். பொறுப்பாக நின்றவர்கள் எங்களில் மூவர். குறிகட்டுவான் துறையில் வந்திறங்கி எண்ணிப் பார்த்தபோது முப்பத்தொருவரே இருந்தனர். பத்து வயதுப் பையன் ஒருவன் இல்லை. எங்கள் கைகால் நடுங்கிவிட்டன. ஒருவர் அடுத்த படகிலே திரும்பி ஓடினார். முன்பின் அறியாத ஒரு பெரியவர் துறைமுகத்தருகே பையனைப் பக்கத்தில் இருத்தி, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, "ஆரும் வருவினம், பயப்பிடாதை" என்று தேற்றிக்கொண்டிருந்தார். அம்பாளின் அருள் என்றே சொல்ல வேண்டும்.

பிள்ளை தவறியது ஒரு பிழை. அதனினும் பெரிய பிழையை அன்றிரவு செய்தோம். சங்கத்தின் பெயர் கெட்டுவிடும், அடுத்த ஆண்டு ஒருவரும் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள் என்று எங்களுக்குள்ளே பேசி, கூட்டக் குறிப்பில் ஒரு வரியும் எழுதாமல் விட்டோம். அந்தப் பையனிடமும், "வீட்டிலே சொல்லாதை, தம்பி" என்று கேட்டுக்கொண்டோம்.

இந்த அமெரிக்க வரலாற்றைப் படித்தபோதுதான் அவ்வார்த்தை எங்களைச் சுட்டது. பிள்ளைகளைக் கெடுக்கும் கயவன் எவனும் முதலிற் சொல்லும் வார்த்தை அதுவே. எங்கள் மனத்திலே களங்கமில்லை. ஆனால், அவனுக்குக் கற்பித்த பாடம் ஒன்றே. சென்ற மாதம் அந்தத் தாயாரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளை தவறினது ஆருக்கும் வாற பிழை, தம்பிமார். என்ரை பிள்ளைக்கு என்னட்டை ஒளிக்கப் பழக்கினியள், அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு" என்றார். அதற்கு நாங்கள் சொல்ல விடையில்லை. இன்று இம்மேடையிற் சொல்வதற்கு அவரே அனுமதி தந்தார்.

விதிகள் வேண்டுமென்று நிர்வாக சபையில் நாங்கள் கூறியபோது பெரியோர் சிலர் மூன்று தடைகளைச் சொன்னார்கள். அவை புறக்கணிக்கத்தக்கன அல்ல.

முதலாவது, "இங்கே எல்லோரும் உறவினர், அந்நியர் யார்?" என்பது. ஆனால், பிள்ளைகளுக்குத் தீங்கு செய்வோரிற் பெரும்பாலார் பிள்ளை அறிந்தவரே என்பது எந்நாட்டு அனுபவமும் ஆகும். முன்பின் அறியாதவர் எங்கள் பையனுக்குத் தண்ணீர் கொடுத்துக் காத்தார். அறிந்தவர்களாகிய நாங்களே பொய் சொல்லப் பழக்கினோம்.

இரண்டாவது, "விதி போடுவது தொண்டரை அவமதிப்பது" என்பது. நமது வங்கிக் கணக்கிலிருந்து ஆயிரம் ரூபா எடுப்பதற்கும் இருவர் கையெழுத்து வேண்டும். தனாதிகாரி அதை அவமானமென்று கொண்டதில்லை. கனடாவிலும் பிரான்சிலும் வாழும் நம்மூரார் அனுப்பும் காசுக்கு இரண்டு கையெழுத்து. ஊரார் ஒப்படைக்கும் பிள்ளைக்கு ஒன்று போதுமா?

மூன்றாவது, "இத்தனை விதிகள் இருந்தால் யார் தொண்டுக்கு வருவார்?" என்பது. இதில் உண்மை உண்டு. பரீட்சைக் காலங்களில் எங்களில் இருவர் கிடைப்பதே அரிது. அன்று வகுப்பு நடவாது. அந்த நட்டத்தை ஏற்கத்தான் வேண்டும். ஒருவர் தனியே நடத்தும் வகுப்பைக் காட்டிலும் பூட்டிய கதவு மேலானது.

ஆதலின், நிர்வாக சபையின் முன் இவற்றை வைக்கின்றோம். பிள்ளைகள் கூடும் இடத்தில் எப்போதும் வளர்ந்தவர் இருவர் இருத்தல். பயணங்களிற் பெயர்ப்பட்டியல் கொண்டு, படகேறும் முன்னும் இறங்கிய பின்னும் எண்ணுதல். பிள்ளைக்குச் செய்தி அனுப்பினால் தாய் தந்தையருக்கும் அனுப்புதல். என்ன தவறு நேர்ந்தாலும் அன்றே பெற்றோருக்குச் சொல்லி, குறிப்பேட்டில் எழுதுதல். துன்புறுத்தல் பற்றிய முறைப்பாடு எதுவாயினும், நமக்குள்ளே விசாரித்து முடிக்காமல், வேலணைப் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை உத்தியோகத்தருக்கோ பொலிசாருக்கோ உடனே அறிவித்தல். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி எண்ணை வகுப்பறைச் சுவரிலே பிள்ளைகள் கண்ணிற் படும்படி எழுதிவைத்தல். எல்லாவற்றுக்கும் மேலாக, "வீட்டிலே சொல்லாதே" என்று எவர் சொன்னாலும் வீட்டிலே சொல்லவேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தல்.

நம் ஊரின் நன்னீர் எங்கிருந்து வருகின்றது என்பது பெரியோர் அறிந்ததே. நாற்புறமும் கடல், மணலுக்கு அடியிலும் உப்புநீர். மழைநீர் மணலிலே ஊறி, அந்த உப்புநீரின்மேல் மெல்லிய படலமாய் மிதக்கின்றது. மணலை அள்ளிக்கொண்டே போனால் உப்பு மேலே ஏறும். ஏறிய பின் ஒரு மாரி மழை அதை மாற்றாது. ஊரார் நம்மீது வைத்திருக்கும் நம்பிக்கையும் அத்தகையதே. ஒவ்வொரு மறைப்பும் ஒரு கூடை மணல். அமெரிக்கச் சாரணர் தொண்ணூறு ஆண்டுகள் அள்ளினார்கள். நாங்கள் அள்ளியது ஒரு கூடை. அதை இன்று இச்சபை முன்னிலையில் திருப்பிக் கொட்டிவிட்டோம்.

எங்கள் பிழையைப் பொறுத்து, நாங்கள் கேட்கும் விதிகளைத் தந்தருளுமாறு வேண்டி அமைகின்றோம்.