பணிய லயத்துக்கும் இணையம்



2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையேறிப் பாடங் கேட்டார்கள். ஹட்டன் பட்டணத்துக் கோபுரம் பணிய லயத்துக்கு உதவாது, மலை மறைக்கும். நான்கு லயங்களுக்காகக் கோபுரம் நட்டால் கம்பெனிக்காரருக்கு இலாபமேது? அரசாங்கந்தான் முதல் போடவேண்டும். இந்தியாவில் தொலைபேசிக் கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதம் அறவிட்டு, அந்நிதியில் கிராமங்களுக்குக் கண்ணாடியிழைக் கம்பி இழுக்கிறார்கள். இங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கிராமங்களுக்குக் கோபுரம் அமைக்கத் திட்டம் வகுத்தது.

ஆனால் கிராமம் என்ற சொல்லில் தோட்டம் அடங்குமா? 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்படும் வரை, சபைப் பணம் தோட்டத்துக்குள் தாராளமாக வரவில்லையே! ஆகவே இவ்விடுமுறையில் லயம் லயமாக நடந்து, சிக்னல் எட்டாத இடங்களைக் குறித்து, அப்பட்டியலை ஆணைக்குழுவுக்கு அனுப்புவோம்.