வீழ்ந்தபின் ஓடும் ஓட்டம்

பட்டம் பெறும் விளையாட்டு அறிவியல் மாணவர்களே!

ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் வீரர்களின் உடல் உழைப்பை அளப்பதே பல ஆண்டுகளாக என் வேலை. சுரங்கத்திலும் ஆலையிலும் கூலியை இழந்து ஆட வந்தவர்களுக்கு ஈட்டுத்தொகை வேண்டும் என்று, 1895-இல் வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடி, அன்றைய ரக்பி அமைப்பிலிருந்து பிரிந்துபோன கிளப்புகள் வளர்த்த ஆட்டம் அது. அணிக்கு 13 பேர், 80 நிமிடம். பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்த வேண்டும். ஆறாவது முறை வீழ்த்தினால் பந்து கைமாறும். ஒவ்வொரு முறையும் இருவரைத் தவிர மற்ற தடுப்பாளர்கள் 10 மீட்டர் பின்வாங்கி வரிசை கட்டி, உடனே மீண்டும் முன்னே பாய வேண்டும்.

வீரரின் தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு ஜிபிஎஸ் கருவி இருக்கும். ஓரத்தில் ஆடுபவர் ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஓடுவார். முன்வரிசைக்காரர் அதைவிடக் குறைவு. கால்பந்து வீரரோ 10 கிலோமீட்டரைத் தாண்டிவிடுவார். ஆனால் 100 கிலோ ஆளோடு மோதி, மல்லுக்கட்டி, தரையிலிருந்து எழும் பாடு கிலோமீட்டரில் அடங்காது. பந்து கையில் இல்லாத அணிக்குத்தான் உழைப்பும் அதிகம். அதனால் தோற்ற அணியே கூடுதலாக ஓடியிருப்பதும் உண்டு. தூரத்தை வைத்து வெற்றியைக் கணிக்காதீர்கள்.

நான் படித்த காலத்தில் தோற்றால் இருட்டும்வரை மைதானத்தைச் சுற்றி ஓட விடுவார்கள். ஏன் தோற்றோம் என்று யாரும் கேட்டதில்லை. பின்னாளில் டிம் காபெட் என்ற ஆய்வாளரின் 2004 ஆய்வைப் படித்தேன். ரக்பி லீக் வீரர்களுக்குப் பருவத்துக்கு முந்தைய பயிற்சிச் சுமையைக் குறைத்ததும் பயிற்சிக் காயங்கள் குறைந்தன என்று அது காட்டியது. அன்று எங்களோடு ஓடி, முழங்கால் கெட்டு, ஆட்டத்தையே விட்டுப்போன நண்பர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. பயிற்சியைத் தண்டனையாக்காதீர்கள். இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

கிலோமீட்டரில் அடங்காத உழைப்பைக் காண, 2023 அக்டோபர் 1, சிட்னியில் நடந்த ஆஸ்திரேலிய ரக்பி லீக் தொடரின் இறுதிப் போட்டியை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். பென்ரித் பாந்தர்ஸுக்கு எதிராக பிரிஸ்பேன் பிராங்கோஸ் 24-8 என முன்னிலை. பிரிஸ்பேனின் எஸ்ரா மாம் என்ற இளைஞர் அடுத்தடுத்து மூன்று டிரை வைத்துவிட்டார் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி பெறுவதே டிரை). பென்ரித்தின் ஜரோம் லுவாய் காயத்தோடு வெளியேறிவிட்டார். மீதி இருந்தது சுமார் 20 நிமிடம். பிறகு பென்ரித்துக்காக மோசஸ் லியோட்டா ஒரு டிரை, ஸ்டீபன் கிரைட்டன் ஒன்று, கடைசி நிமிடங்களில் தடுப்பைப் பிளந்து ஓடிய நேத்தன் கிளியரி ஒன்று. 26-24! இறுதிப் போட்டிகளில் அதுவரை யாரும் 16 புள்ளி பின்தங்கி மீண்டதில்லை. 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகளை வென்றது பென்ரித் அணி.

எல்லோரும் கிளியரியின் ஓட்டத்தைப் பேசுகிறார்கள், பேசத்தக்க ஓட்டம்தான். பதிவைத் திரும்பப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, பென்ரித்தின் நடுக்கள முன்வரிசைக்காரர்களை மட்டும் கவனியுங்கள். வீழ்த்துகிறார்கள், எழுகிறார்கள், பின்னோக்கி ஓடி வரிசையில் சேர்கிறார்கள். அடி வாங்கிய உடம்போடு அதைச் செய்கிறார்கள். புள்ளிப் பலகையில் அந்த ஓட்டத்துக்கு இடமில்லை. ஒருவர் இரண்டு விநாடி பிந்தினாலும் வரிசையில் ஓர் இடைவெளி விழும்; எதிரணி அந்த வழியாகத்தான் நுழையும். ஓர் அணியின் வெற்றி அந்த விநாடிகளில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்களில் பலர் ஜிபிஎஸ் கருவி வாங்க வசதியில்லாத பள்ளிகளில் பணியில் சேரப்போகிறீர்கள். ஒரு நிறுத்துக் கடிகாரம் போதும். எந்த ஆட்டமானாலும், தரையில் விழுந்த பிள்ளை எழுந்து தன் இடத்துக்கு வர எத்தனை விநாடி ஆகிறது என்று முதல் ஐந்து நிமிடத்திலும் கடைசி ஐந்து நிமிடத்திலும் குறித்து வையுங்கள். இரண்டுக்கும் இடைவெளி கூடினால், அடுத்த நாள் அந்தப் பிள்ளைக்கு ஓய்வு கொடுங்கள். நன்றாகச் சாப்பிட்டானா, தூங்கினானா என்று கேளுங்கள். அதன்பிறகு பயிற்சித் திட்டத்தை எழுதுங்கள்.