பழைய கடிகாரம் வாங்கப் போனேன்



பள்ளிக்கூடத்து மணிக்கும் எனக்கும் 35 ஆண்டு உறவு உண்டு. சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்திற்கும் இடையே, தாமிரபரணிக் கரையை ஒட்டிய ஊர்களில் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் முதல் மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் என் பார்வை தானாகவே இடக்கை மணிக்கட்டுக்குச் செல்லும். ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியும் அந்தப் பழக்கம் என்னை விட்டபாடில்லை. ஆகவே, கைக்கடிகாரத்தைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று கருதுகிறேன். ஆயினும் இன்று நான் பேச வந்திருப்பது அந்த உரிமையினால் அன்று. ஏமாந்தவன் என்ற தகுதியினால்தான்.

எங்கள் திருநெல்வேலிக்கு அல்வாவினால் வந்த புகழோடு ஒரு பழிச்சொல்லும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஒருவன் மற்றொருவனை ஏமாற்றிவிட்டால், "அல்வா கொடுத்துவிட்டான்" என்று நாடெங்கும் சொல்லுகிறார்கள். அல்வாவின் ஊர்க்காரனாகிய எனக்கே ஒருவர் அல்வா கொடுத்த கதையை நீங்கள் கேட்கப் போகிறீர்கள்.

என் தந்தையாரும் ஆசிரியரே. அவர் கையில் இருந்தது எச்.எம்.டி. ஜனதா. அதற்கு முன்னெல்லாம் நம் நாட்டில் கைக்கடிகாரம் என்றால் பெரும்பாலும் சுவிட்சர்லாந்துக் கடிகாரம்தான். பாவ்ரே லூபா, வெஸ்ட் எண்ட் முதலிய பெயர்களை முதியோர் பலர் இன்றும் நினைவு வைத்திருப்பர். 1961ஆம் ஆண்டில், ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு, அரசுத் துறையைச் சேர்ந்த இந்துஸ்தான் மிஷின் டூல்ஸ் நிறுவனம் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. அதன் பிறகுதான் பள்ளி ஆசிரியர் போன்ற எளியவர் கையிலும் கடிகாரம் ஏறியது. ஜனதா, 17 கல் வைத்த, நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய கடிகாரம். என் தந்தையார் விடியற்காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் புறப்படுமுன் அதற்குச் சாவி கொடுத்து, மாடத்தில் வைத்துவிட்டுத்தான் போவார். பின்னாளில், 1984இல், டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் கூடித் தொடங்கிய டைட்டன் வந்தது. ஓசூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூடிவிடுவதென்று 2016ஆம் ஆண்டு சனவரியில் மத்திய அரசு முடிவு செய்தது. தந்தையார் மறைந்துவிட்டார், அவர் கடிகாரம் இன்றும் ஓடுகிறது.

இத்தனை நல்ல கடிகாரம் வீட்டில் இருக்க, எனக்கு வேறொன்றின்மேல் ஆசை வந்தது. என் இளைய மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்கு ஒரு வெளிநாட்டுக் கடிகாரம் போட வேண்டும் என்று விரும்பினேன். அவர்கள் கேட்கவில்லை, நானேதான் விரும்பினேன். கடையில் விசாரித்தால், புதிய ஒமேகாவின் விலை என் ஓய்வூதியத்தில் பல மாதங்களை விழுங்கிவிடும் போலிருந்தது. அச்சமயத்தில் அறிமுகமான ஒருவர், "அண்ணாச்சி, வளைகுடாவிலிருந்து வந்த ஒமேகா ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒருவர் கட்டியதுதான், ஆனாலும் புதிது போல இருக்கும். உங்களுக்கு என்பதால் 20,000 ரூபாய்க்குத் தருகிறேன்" என்றார். எடுத்துப் பார்த்தேன். கனமாக இருந்தது, பளபளவென்று மின்னியது, பெட்டியும் இருந்தது, உத்தரவாத அட்டையும் இருந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் வயது எனக்கு எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் ஆசைக்கு வயது ஏது? பணத்தை எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. கேட்டால் அவரை நம்பாதது போலாகிவிடும் என்று கூச்சம்.

வாரை மாற்றுவதற்காகச் சந்திப்புக்கு அருகில் உள்ள ஒரு சிறு பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் ஐம்பது ஆண்டுகளாக ஒற்றைக்கண் லென்ஸை மாட்டிக்கொண்டே வாழ்ந்தவர். முகப்பைப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார், பின்மூடியைக் கழற்றினார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "சார்வாள், முகம் ஒமேகா, வயிறு வேற ஊரு."

உள்ளே இருந்த இயந்திரத்தில் ஒமேகா என்ற பெயரே இல்லை. விற்றவரிடம் போனேன். தாமும் ஒருவரிடம் அப்படியே வாங்கி ஏமாந்ததாகச் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். ரசீது இல்லாத நான் அதற்கு மேல் என்ன பேச முடியும்?

நேயர்களே, கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் வெறும் ஏமாளி. இதற்குப் பின்னர் நிகழ்ந்ததுதான் என்னை இங்கே பேச அழைத்து வந்தது. அந்த வாரமே என்னோடு பணிபுரிந்த நண்பர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். மேசைமேல் கடிகாரத்தைப் பார்த்தார். "மாப்பிள்ளைக்கு வேறு வாங்குவதாயிருந்தால் இதை எனக்குக் கொடுத்துவிடுங்கள், நீங்கள் கொடுத்த விலையைத் தந்துவிடுகிறேன்" என்றார். நான் உடனே "இது போலி" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்லுகிறேன்" என்றேன். அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று மாலை வண்ணார்பேட்டையிலிருந்து பாலத்தின் வழியாக நடந்தேன். அது சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டி, 1843ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பாலம். அதன்மேல் நடந்துகொண்டே, என் 20,000 ரூபாயை நண்பர் தலையில் கட்டுவது எப்படி என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்! அப்பொழுது பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் பள்ளிக் கூட்டுறவுப் பண்டகசாலையில் ஒரு மாணவன் செல்லாக் காசு ஒன்றைக் கொடுத்து நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டான். அவனை அழைத்து விசாரித்தேன். "பஸ்ஸிலே என்கிட்டே ஏமாத்திக் கொடுத்துட்டாங்க சார், நானா அடிச்சேன்?" என்றான். அவனுக்கு நான் சொன்ன பதில் இது: "தம்பி, உன் கைக்கு அது வந்தது உன் பிழையன்று, உன் கையிலிருந்து அது போனதுதான் உன் பிழை." பதினாறு வயதுப் பையனுக்குச் சொன்ன பாடத்தை அறுபது கடந்தவன் மறக்கலாமா? மறுநாள் நண்பரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைக்கு ஓசூர்க் கடிகாரம் ஒன்றைக் கடையில் ரசீதோடு வாங்கினேன். போலிக் கடிகாரம் இன்னும் என் மேசை அறையில் இருக்கிறது.

பின்னர்ச் சட்டத்தைப் படித்துப் பார்த்தபோது, அதுவும் நான் அந்த மாணவனுக்குச் சொன்னதையே சொல்லுகிறது என்று கண்டேன். 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி, பொய்யான வணிகக் குறி இட்ட பொருளை விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. தக்க எச்சரிக்கையோடு நடந்தும், போலி என்று ஐயுறக் காரணமே இல்லாமல் விற்றவர் அதை மெய்ப்பித்தால் தப்பலாம். அறிந்து விற்பவருக்கு அந்த வழி இல்லை.

இனி, பழைய கடிகாரம் வாங்க விரும்புவோருக்கு, அந்தப் பெரியவரிடம் நான் மாணவனாக இருந்து கற்றவற்றைச் சொல்லுகிறேன்.

முதலில், நாம் நம்பியிருக்கும் சோதனைகள் சிலவற்றைக் கைவிட வேண்டும். கனமாக இருந்தால் அசல் என்பார்கள். இரும்புக்குக் கனம் இல்லாமலா போகும்? விநாடி முள் வழுக்கிக்கொண்டு ஓடினால் அசல் என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. மின்கலத்தால் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தில் விநாடி முள் பெரும்பாலும் விநாடிக்கு ஒருமுறை துள்ளும். ஜனதா போன்ற பழைய கடிகாரம் மணிக்கு 18,000 முறை, அதாவது விநாடிக்கு 5 முறை துடிக்கும். இக்காலத்து ரோலக்ஸ் மணிக்கு 28,800 முறை, அதாவது விநாடிக்கு 8 முறை துடிக்கும். ஆகையால் முள் வழுக்குவது போலத் தோன்றும். ஆனால் போலி செய்பவரும் இப்போது சாவிக் கடிகார இயந்திரத்தையே உள்ளே வைத்துவிடுகிறார். முள் துள்ளினால் சந்தேகப்படலாம். துள்ளாவிட்டால் நம்பிவிடக் கூடாது. எண்ணும் அப்படியே. ஓர் அசல் கடிகாரத்தின் எண்ணை ஆயிரம் போலிகளில் பொறித்துவிடலாம். அட்டையையும் அச்சடிக்கலாம், பெட்டியையும் செய்யலாம்.

இரண்டாவது, மிகவும் புதிதாக விளங்கும் பழமையை ஐயுற வேண்டும். பழைய எச்.எம்.டி., பாவ்ரே லூபா கடிகாரங்களின் முகப்பைச் சுரண்டிவிட்டு, புது வண்ணம் பூசிப் பெயரை மறுபடி அச்சடித்து விற்பது பெருநகரங்களில் ஒரு தொழிலாகவே நடைபெறுகிறது. லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்து தடித்துப் பிசிறடித்திருக்கும். அல்லது முள் நிமிடக் கோட்டை எட்டாமல் குறுகி நிற்கும். முற்காலத்தில் இருட்டில் ஒளிரும்படி முகப்பில் ரேடியம் பூசினார்கள். ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். ஆனால் அதனோடு கலந்த ஒளிரும் பொருள் சில பத்தாண்டுகளிலேயே நைந்துபோகும். ஆகையால் 1940களின் கடிகாரம் என்று சொல்லப்படுவது இன்று பளிச்சென ஒளிவிட்டால், அந்தப் பூச்சு பிற்காலத்தது என்று தெரிந்துகொள்ளலாம். ஒளி இல்லாவிட்டாலும் ரேடியம் நஞ்சே. அத்தகைய முகப்பைத் திறந்து சுரண்டாதீர்கள். ஒன்று சொல்ல வேண்டும்: புதுப்பிப்பது குற்றமன்று. புதுப்பித்தேன் என்று சொல்லி விற்பது தொழில். சொல்லாமல் விற்பது மோசடி.

மூன்றாவது, பணம் கொடுக்குமுன் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். இதுவே தலையாய விதி. விற்பவர் காட்டும் ஆளிடம் அன்று, நீங்கள் அறிந்த பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். நெல்லையப்பர் கோயிலின் இசைத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். வெளித் தோற்றத்துக்கு அவையும் கல்தான். தட்டிக் கேட்ட பிறகே எது இசைத் தூண் என்று புலப்படும். பத்தமடைப் பாயையும் கடையில் தொங்கும்போது பார்த்து வாங்குவாரில்லை. கையில் எடுத்து, துணிபோல மடிகிறதா என்று பார்த்துத்தான் வாங்குவர். கடிகாரத்தை மாத்திரம் முகத்தைப் பார்த்து வாங்கலாமா?

நான்காவது, கடிகாரத்தைப் பார்க்குமுன் விற்பவரைப் பாருங்கள். திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. நிலையான முகவரி உடையவரா, ரசீதில் கடிகாரத்தின் பெயரையும் எண்ணையும் எழுதிக் கையொப்பமிடுவாரா என்று கேளுங்கள். ரசீது கேட்பது அவமதிப்பாகாது. நேர்மையான வணிகர் அதை மதிப்பாகவே கொள்வார். அந்தத் தாள் இருந்தால்தான் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் அழுத்தமாக முறையிட முடியும். உயர்ந்த விலைக் கடிகாரமாயின், ஆராய்ந்து சான்றளித்து விற்பவரிடமே வாங்குங்கள். 2022 டிசம்பரில் ரோலக்ஸ் நிறுவனமே அத்தகைய ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது.

இவ்வளவு பார்த்தும் ஒருவர் ஏமாறக் கூடுமா? கூடும். 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வகைக் கடிகாரம் ஒன்று 2021ஆம் ஆண்டு ஜெனீவாவில் 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் ஏலம் போயிற்று. அதை எடுத்தது, தன் அருங்காட்சியகத்துக்காக, ஒமேகா நிறுவனமேதான். பல கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து அமைத்த கலவை அது என்பது 2023இல் வெளியாயிற்று. அந்நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் மூவருக்கு அதில் பங்கு இருந்ததாகவும் தெரிய வந்தது. செய்தவரே ஏமாந்தார் என்றால், நானும் நீங்களும் ஏமாறுவதில் வியப்பில்லை. ஆகவே ஏமாந்தவர் நாணி ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. ஏமாந்ததை நாலு பேரிடம் சொல்லாமல் மறைப்பதும், ஐந்தாவது ஆளின் கையில் அதைத் தள்ளிவிடுவதுமே நாணத் தக்கவை.

இப்பொழுது தந்தையாரின் ஜனதாவையே கட்டிக்கொள்ளுகிறேன். நாளொன்றுக்கு ஒன்றிரண்டு நிமிடம் பின்தங்குகிறது. ஒவ்வொரு நாள் காலையிலும் நம் வானொலியின் நேர அறிவிப்பைக் கேட்டுச் சரிசெய்துகொள்கிறேன்.