இலக்கியம் படிக்கும் பிள்ளையை வெளிநாட்டுத் தொண்டுக்கு அனுப்பலாமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பத்து நிமிடம்தான் என்று செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்து தண்ணீர் லாரி கணக்கு இருக்கிறதாம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் குடியிருப்பில் இலக்கியம் எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "ஆறு வாரம் வெளிநாட்டில் தொண்டு, கூடவே அந்த நாட்டு இலக்கியம்" என்று அவர்கள் போனுக்கு விளம்பரம் வருகிறது. கட்டணம் லட்சங்களில். அனுப்பலாமா என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள்.

யோசனை நல்லதுதான். அதை ஒழுங்காகச் செய்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பீட்டர் ஹெஸ்லர் அமெரிக்கர். பிரின்ஸ்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் இலக்கியம் படித்தவர். 1996-இல் பீஸ் கோர் தொண்டராகச் சீனாவின் ஃபூலிங் என்ற ஊருக்குப் போனார். யாங்சியும் வூ ஆறும் கூடுகிற சிறிய ஊர். அங்கே ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் ஆங்கில இலக்கியம் நடத்தினார். மாணவர்களில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். படித்து முடித்துக் கிராமத்துப் பள்ளிகளுக்கு வாத்தியாராகப் போக வேண்டியவர்கள்.

அவர்களுக்குப் போய் ஷேக்ஸ்பியர் எதற்கு என்று தோன்றும். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஹாம்லெட்டைத் தங்கள் ஊர்க் கண்ணால் படித்தார்கள், நடித்தும் பார்த்தார்கள். ஆக்ஸ்போர்டில் கேட்காத விளக்கங்களை ஹெஸ்லர் அவர்களிடம் கேட்டார். கற்றுக்கொடுக்கப் போனவர் அதே கல்லூரியில் இரண்டு ஆசிரியர்களிடம் மாணவராக உட்கார்ந்து சீனம் படித்தார். சந்தையிலும் டீக்கடையிலும் பேசிப் பழகினார். அந்த அனுபவத்தை 2001-இல் 'ரிவர் டவுன்' என்ற புத்தகமாக எழுதினார். உறவு அதோடு முடியவில்லை. 2019-இல் மறுபடி சீனாவுக்கே ஆசிரியராகப் போனார். பழைய மாணவர்களோடு தொடர்பு விடாமல் இருந்து, அவர்களைப் பற்றியும் 2024-இல் வந்த புத்தகத்தில் எழுதினார்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இரண்டு ஆண்டுகள். இன்னொன்று, அவர் கொண்டுபோன வேலை அவருக்குத் தெரிந்த வேலை. இலக்கியம் படித்தவர் இலக்கியம் சொல்லிக்கொடுத்தார், செங்கல் அடுக்கவில்லை.

பீஸ் கோர் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான். நம் பிள்ளைகள் பார்க்க வேண்டியது ஐ.நா. தன்னார்வலர் திட்டம். 1970-இல் தொடங்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரம். அவர்கள் நம்மிடம் கட்டணம் வாங்குவதில்லை. வெளிநாட்டுப் பணிக்குப் போனால் வாழ்க்கைப்படியும் தருகிறார்கள். மொழிபெயர்ப்பு, எடிட்டிங் போன்ற வேலைகளை வீட்டிலிருந்தே ஆன்லைனில் செய்யவும் வழி உண்டு. பதினெட்டு வயது நிறைந்திருந்தால் போதும்.

விளம்பரத்தில் 'அனாதை இல்லம்' என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கம்போடியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த பெரும்பாலான குழந்தைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பது தெரியவந்தது. பார்க்க வருகிறவர்கள் பணம் தருகிறார்கள் என்பதாலேயே பிள்ளைகளை இல்லத்தில் வைத்திருந்தார்கள். ஆறு வாரம் கொஞ்சிவிட்டு நம் பெண் விமானம் ஏறிவிடுவாள். அந்தக் குழந்தைக்கு அடுத்த வாரம் இன்னொரு அக்கா. சேவை என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விசாவையும் கேளுங்கள். "டூரிஸ்ட் விசா போதும் சார்" என்று ஏஜென்ட் சொன்னால் உஷார். நேபாளத்தில் சுற்றுலா விசாவில் தொண்டு வேலை செய்வது, சம்பளமே இல்லாவிட்டாலும், சட்டத்துக்கு விரோதம். மாட்டிக்கொள்வது பிள்ளைதான், ஏஜென்ட் அல்ல.

பணம் கட்டும் முன் பிள்ளையிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "அந்த நாட்டு எழுத்தாளர் ஒருவரையாவது படித்திருக்கிறாயா?" இல்லை என்றால் இந்தக் கோடையில் இரண்டு நாவலும் அந்த மொழியில் அடிப்படைப் பேச்சும் ஆகட்டும். பயணம் அடுத்த ஆண்டு. நாவலுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு கிளப் ஹவுஸ் நூலகத்தில் இருப்பேன். யாருக்காவது ஒப்பந்தப் படிவம் வந்திருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எடுத்து வாருங்கள். சின்ன எழுத்தில் இருப்பதையும் சேர்த்துப் படித்துப் பார்ப்போம். பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.

இனி தண்ணீர் லாரி. செயலாளர் வரலாம்.