தனியாள் ஆட்டம்



ரெனிஸ் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டார்கள். எங்கள் வகுப்பு வென்ற கிண்ணம் எதுவும் அந்தக் கண்ணாடி அலுமாரியில் இல்லை. ஆகவே தோற்ற ஆட்டங்களைப் பற்றித்தான் பேசலாம்.

1993 விம்பிள்டன் மகளிர் இறுதியாட்டம். ஸ்ரெபி கிராபுக்கு எதிராக யானா நொவொட்னா மூன்றாவது செற்றில் 4-1 என்று முன்னிலை. சேர்விஸ் அவருடையது, 40-30. இன்னுமொரு புள்ளி எடுத்தால் 5-1. இரண்டு சேர்விசும் பிழைத்தன. அதன்பின் ஒரு கேமும் அவருக்குக் கிடைக்கவில்லை. பரிசளிப்பில் கென்ற் கோமகளின் தோளில் சாய்ந்து அழுதார்.

அதுவரை அவரை முன்னுக்குக் கொண்டுவந்தது திட்டம். கிராபின் போர்ஹான்ட் பயங்கரமானது. பாக்ஹான்ட் பக்கமாக அடித்துவிட்டு வலைக்கு ஓடிவந்து முடிப்பார். திட்டம் பிழைக்கவில்லை, கைதான் மாறியது. நெஞ்சு படபடத்தால் பிடி இறுகும். முன்கைத் தசை இறுகினால் மணிக்கட்டு சுழலாது. உடல் தானாகச் செய்வதை மனம் புகுந்து மேற்பார்வை செய்யத் தொடங்கும். முதல் தையல் போட்ட நாளில் எங்களில் வைத்தியர்களானோருக்கும் இதே கைதான். ஆனால் அங்கே பக்கத்தில் மூத்தவர் ஒருவர் நிற்பார். நொவொட்னாவுக்கு அன்று யாருமில்லை. பயிற்சியாளர் சைகை காட்டவும் அப்போது தடை இருந்தது.

அதனால்தான் நெருக்கடிக்கென்று எளிய அடியொன்றை வைத்திருப்பார்கள்: குறுக்காக அடிப்பது. வலை நடுவில் 3 அடி, ஓரத்தில் 3½ அடி. மூலைக்கு மூலை ஆடுகளமும் 4 அடிக்கு மேல் நீளம்.

எங்கள் தோழி ஒருத்தி பாடசாலைப் போட்டியொன்றில் 5-2 இலிருந்து தோற்றாள். கம்பிவலைக்கு வெளியே நின்று நாங்கள், "இன்னும் ஒண்டுதான், விடாதை!" என்று கத்தினோம். எண்ணிக்கையை மறக்கப் பாடுபட்டவளுக்கு ஞாபகப்படுத்தியவர்கள் நாங்களே. திரும்பும் பஸ்ஸில் ஒருத்தியும் அவளுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்றவர்களும் எங்களில் உண்டு. அடுத்த தவணை அவள் ரக்கெற்றைத் தொடவில்லை.

நொவொட்னா 1997 இறுதியாட்டத்திலும் தோற்று, 1998 இல், 29 வயதில், பட்டத்தை வென்றார். எங்கள் தோழிக்கு அப்படியொரு 1998 கிடைக்க நாங்கள் விடவில்லை.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறோம். மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். மன்னிப்புக் கேட்க எங்களுக்கு 25 வருடங்களுக்கு மேல் பிடித்தது. இன்று திரும்பும் வானில் அவளுக்குப் பக்கத்து இருக்கைக்குத்தான் எங்களுக்குள் போட்டி.