பூட்டிய வீடும் திறந்த கேமராவும்

(தாம்பரம் பகுதி குடியிருப்போருக்கான இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொங்கலுக்கோ தீபாவளிக்கோ கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறியதும் நாம் எல்லோரும் செய்கிற முதல் வேலை என்ன? போனை எடுத்து வீட்டு வாசலைப் பார்க்கிறோம். கேட் பூட்டியிருக்கு, வண்டி நிக்குது, சரி என்று நிம்மதியாகச் சாய்ந்து கொள்கிறோம். அந்த வாசலை நீங்கள் மட்டும்தான் பார்க்கிறீர்களா? இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லி விடுகிறேன். சிட்லபாக்கத்தில் என் அம்மா தனியாக இருக்கிறார். அவருக்காக வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று எனக் கேமரா வைத்தோம். பொருத்த வந்த தம்பி சுறுசுறுப்பானவர். அரை நாளில் வேலையை முடித்து, என் போனில் படம் வரவைத்துக் காட்டிவிட்டுப் போனார். ஐந்து மாதம் கழித்து, ஏதோ தேடும்போது செயலியின் அமைப்புகளைத் திறந்தேன். கேமராவின் உரிமையாளர் கணக்கு அவருடைய எண்ணில் இருந்தது. நான் வெறும் ‘பகிரப்பட்ட பயனர்’. அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று செய்திருப்பார். ஆனால் அம்மா கூடத்தில் தலை வாரியது, மாத்திரை போட்டுக்கொண்டது எல்லாவற்றையும் இன்னொரு போனிலும் பார்த்திருக்க முடியும். விஷயத்தைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இத்தனை நாளா யாரோ வீட்டுக்குள்ளயே இருந்த மாதிரி இருக்குப்பா” என்றார். அந்தக் கேமராவை அன்றே கழற்றிவிட்டோம்.

இது என் ஒருவனின் கதை அல்ல. 2025 பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கு வந்ததை நாடே பார்த்தது. யாரும் எளிதில் ஊகித்துவிடக்கூடிய கடவுச்சொல்தான் அங்கே வாசலைத் திறந்துவிட்டது என்று பின்னர் செய்திகள் வந்தன. 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துக்கொண்டது. அது பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்து அனுப்பும் சுமார் 60 பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டே அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களை மணிக்கணக்கில் முடக்கினார்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். போதும்.

முதல் வேலை, உரிமை. கேமரா செயலியில் உரிமையாளர் கணக்கு உங்கள் எண்ணிலோ உங்கள் மின்னஞ்சலிலோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பொருத்தியவரை அழைத்து அவர் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். பிறகு கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, உங்கள் பெயரில் புதிதாகச் சேருங்கள்.

இரண்டாவது, கடவுச்சொல். கேமராவுக்கு ஒன்று, பதிவுப் பெட்டியான டிவிஆருக்கு ஒன்று, ரவுட்டருக்கு ஒன்று. மூன்றும் வேறு வேறாக இருக்கட்டும். பிறந்த தேதி, வண்டி நம்பர் வேண்டாம். தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து எழுதினால் நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். இரண்டு கட்டச் சரிபார்ப்பு வசதி இருந்தால் இயக்கிவிடுங்கள். ஓடிபி வந்தால் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, வெளியிலிருந்து பார்க்கும் வழி. ரவுட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ செய்து கேமராவை நேரடியாக இணையத்தில் திறந்து வைப்பது பழைய முறை. அது தெருக்கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போவதற்குச் சமம். அப்படி ஏதும் இருந்தால் நீக்குங்கள். ‘யுபிஎன்பி’ என்ற வசதியையும் அணைத்து வையுங்கள். அது கருவிகள் உங்களைக் கேட்காமலே கதவைத் திறந்துகொள்ள இடம் கொடுக்கும். தயாரிப்பாளரின் செயலி வழியாகப் பார்ப்பது பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது. இன்னும் பாதுகாப்பு வேண்டுவோர், ரவுட்டரில் வசதி இருந்தால், ‘விபிஎன்’ அமைத்து அதன் வழியாக மட்டும் பார்க்கலாம். வீட்டுப் பிள்ளைகளில் கணினி தெரிந்தவர் யாராவது இருப்பார், கேளுங்கள்.

நான்காவது, புதுப்பித்தல். கேமராவுக்கும் ரவுட்டருக்கும் மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் தள்ளிப் போடாதீர்கள். புதிதாக வாங்குவோருக்கு ஒரு செய்தி. சிசிடிவி கேமராக்களுக்கான பாதுகாப்புத் தேவைகளை மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. அவை 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்தன. அந்தச் சான்று உள்ளதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். விலை மட்டும் பார்க்காதீர்கள்.

ஐந்தாவது, பார்வை. கேமரா உங்கள் வாசலைப் பார்க்கட்டும், எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்க வேண்டாம். படுக்கையறை, குளியலறைப் பக்கம் கேமராவே கூடாது. ஒருவரின் அந்தரங்கத்தை அனுமதியின்றிப் படம்பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-இ பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சின்ன விஷயம் இரண்டு. கேமராவின் நேரம் சரியாக இருக்கிறதா பாருங்கள். பத்து நிமிடம் தப்பினாலும் பதிவு சாட்சியாகும்போது குழப்பம் வரும். மழையில் கரண்ட் போனால் கேமராவுக்கு மட்டும் யுபிஎஸ் இருந்தால் போதாது, ரவுட்டருக்கும் வேண்டும்.

யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று சந்தேகமா? முதலில் கேமராவின் இணைய இணைப்பைப் பிடுங்குங்கள். வேறு போனிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். திரையில் தெரிவதைப் படமெடுத்து வையுங்கள், எதையும் அழிக்காதீர்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் பதியுங்கள். பணம் கேட்டு மிரட்டினாலோ, பணம் போயிருந்தாலோ உடனே 1930-ஐ அழையுங்கள். வெட்கப்பட்டுச் சும்மா இருக்காதீர்கள். தவறு உங்களுடையது அல்ல.

2022-இல் தாம்பரத்துக்கு என்றே தனி மாநகரக் காவல் ஆணையரகம் வந்துவிட்டது. ஊருக்குப் போகும்போது உங்கள் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லுங்கள். எந்தக் கேமராவும் அவருக்கு ஈடாகாது.

இப்போது எங்கள் வீட்டில் வாசல் கேமரா மட்டும்தான் இருக்கிறது, அதன் கணக்கு அம்மாவின் எண்ணில். யார் பார்க்கலாம் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்.

நீங்களும் இன்று வீட்டுக்குப் போனதும் செயலியைத் திறந்து, உரிமையாளர் யார் என்று பாருங்கள்.