மணநாள் என்றைக்கு?

நம் தோட்டங்களில் வாழ்ந்த வயதான தம்பதியரிடம், "உங்களுக்குக் கல்யாணம் எப்போது நடந்தது?" என்று கேட்டால், "பெரிய வெள்ளம் வந்த வருஷம்" என்பார் கணவர். "தைப்பூசம் கழிந்து மறு வாரம்" என்பார் மனைவி. 1971ஆம் ஆண்டு ஜனவரி வெள்ளத்தைச் சொல்கிறார்கள் என்று நாமாகக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். தேதி இருவருக்குமே தெரியாது.

ஆனால், ஒருவரை ஒருவர் முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று கேளுங்கள். உடனே முகம் மலர்ந்துவிடும். பெரட்டுக் களத்தில் என்பார் ஒருவர். பால் நிறுக்கும் இடத்தில் என்பார் இன்னொருவர். பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பார்த்தவர்களும் உண்டு. "பெண் பார்க்க வந்த அன்று நான் எங்கே நிமிர்ந்தேன்? அவர் காலைத்தான் பார்த்தேன்" என்று சிரிக்கும் பாட்டிமார்களும் உண்டு.

இந்தக் கதைகளை நம் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்களா? அந்தப் பால்மரக் காடு செம்பனையாகி, பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. லயம் இருந்த இடத்தைக் காட்டக்கூட வழியில்லை. ஆண்டுக்கொரு முறை, மணநாளன்று, அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்து சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

"அதெல்லாம் துரைமார் வழக்கம், நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நம்மிடம் அறுபதாம் கல்யாணம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதில் எண்ணப்படுவது கணவரின் வயது. இருவரும் சேர்ந்து உழைத்த ஆண்டுகளையும் எண்ணினால் என்ன குறைந்துவிடும்?

செலவு வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் போய்வந்து மறுபடி அடுப்படியில் நிற்கும் மனைவிக்கு, அன்று ஒரு வேளைச் சோற்றைக் கணவர் ஆக்கிப் போடட்டும். குழம்பில் உப்பு கூடினால் கூடட்டும். விருந்து என்றதும் போத்தலைத் தேடும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த நாளில் பாதி உங்கள் மனைவியுடையது.

தேதி தெரிந்திருப்பதில் இன்னொரு காரியமும் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம், 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. விரும்பினால் அவற்றையும் பதிந்துகொள்ளலாம். அந்த நாளுக்குப் பின் நடந்தவை கட்டாயம் பதியப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டினோம், ஊரே வந்து சாப்பிட்டது என்பது போதாது. வேலையில் விபத்து நேர்ந்து கணவர் இறந்தால், சொக்சோ உதவித்தொகைக்கு மனைவி மனுச் செய்யும்போது முதலில் கேட்கப்படுவனவற்றில் ஒன்று திருமணப் பத்திரம். சேமநிதிப் பணத்துக்கு யார் பெயரும் எழுதி வைக்காமல் போயிருந்தாலும் இதே கேள்விதான் வரும். அழுதுகொண்டு நிற்கும் நேரத்தில் சாட்சி தேடி அலைவது எவ்வளவு கொடுமை! இன்னும் பதியாதவர்கள் தேசியப் பதிவு இலாகாவுக்கு நேரில் சென்று விசாரியுங்கள். இருவருமாகச் செல்லுங்கள்.

தாலி கட்டிய நாள் ஒன்று, பத்திரத்தில் உள்ள நாள் வேறொன்று, எதைக் கொண்டாடுவது என்று கேட்பீர்கள். அது உங்கள் இருவர் விருப்பம். பார்த்த நாளையே வைத்துக்கொண்டாலும் யார் தடுக்கப் போகிறார்கள்? பத்திரத்தை மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.